தோவாளைத் துண்டுச் சீட்டும் தகவல் அமைப்புப் படிப்பும்

கேள்வி:

அக்கா, நான் இந்த வருஷம் பிளஸ் டூ முடித்தேன். வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியல், கணினிப் பயன்பாடுகள் எடுத்துப் படித்தவள். அப்பா தோவாளையில் பூ கமிஷன் கடை வைத்திருக்கிறார். நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் பி.சி.ஏ., இன்னொன்றில் பி.காம். கம்ப்யூட்டர் அப்ளிகேஷன், இரண்டிலும் இடம் கிடைக்கும் போலிருக்கிறது. சென்னையில் இருக்கும் சித்தி, "இங்கே பி.காம். இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ் மேனேஜ்மென்ட் என்று ஒரு படிப்பு இருக்கிறது, அதில் சேர்ந்துவிடு" என்கிறார். அது என்ன படிப்பு என்று யாருக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. "பேர் சொன்னா நாலு பேருக்குப் புரியாத படிப்பு எதுக்கு மக்களே" என்று அப்பா கேட்கிறார். எனக்குக் கோடிங் அவ்வளவாக வராது. ஏ.ஐ. வந்த பிறகு இந்த வேலையெல்லாம் இருக்குமா? வேலைக்கு ஊரைவிட்டுப் போயே ஆக வேண்டுமா?

– ஒரு வாசகி, தோவாளை வட்டம்

பதில்:

மக்களே, உன் கடிதத்தில் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். அப்பாவுக்குப் பூ கமிஷன் கடை என்கிறாயே, அந்த வரி. நீ கேட்டதில் பாதிக்கு அந்தக் கடையை வைத்தே பதில் சொல்லிவிடலாம். நான் நாகர்கோவிலில் படித்து, திருவனந்தபுரத்திலும் சென்னையிலும் வேலை பார்த்து, இப்போது ஊருக்கே திரும்பி வந்து சிஸ்டம்ஸ் அனலிஸ்ட்டாக, அதாவது ஒரு இடத்தில் வேலை எப்படி நடக்கிறது என்று பார்த்து அதற்கேற்ற கம்ப்யூட்டர் அமைப்பை வகுப்பவளாக இருக்கிறேன். இந்த வேலைக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. உன் அப்பா கேட்ட அதே கேள்வியை என் வீட்டிலும் கேட்டார்கள். அதனால் அவருக்கான பதிலிலிருந்தே தொடங்குகிறேன்.

கம்ப்யூட்டர் சயின்ஸ் படிப்பவர்கள் கம்ப்யூட்டர் எப்படி வேலை செய்கிறது, அதை இன்னும் நன்றாக எப்படி வேலை வாங்குவது என்று படிக்கிறார்கள். தகவல் அமைப்பு, அதாவது இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ் படிப்பவர்கள் ஒரு கடையோ ஆஸ்பத்திரியோ பேங்கோ எப்படி நடக்கிறது, அங்கே யாருக்கு எந்த விவரம் எப்போது தெரிய வேண்டும், அதில் கம்ப்யூட்டரை எங்கே கொண்டுவந்து வைக்க வேண்டும் என்று படிக்கிறார்கள். பாதி கணக்கு வழக்கும் நிர்வாகமும், பாதி டேட்டாபேஸும் நெட்வொர்க்கும் புரோகிராமிங்கும். அமெரிக்காவில் இதைப் பெரும்பாலும் பிசினஸ் ஸ்கூலில்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். மின்னசோட்டா பல்கலைக்கழகம் 1960களின் கடைசியிலேயே தொடங்கிவிட்டது. நம் பக்கத்தில் இதே பாடங்கள் பி.சி.ஏ., பி.எஸ்சி. ஐ.டி., பி.காம். என்று பல பெயர்களில் பிரிந்து கிடக்கின்றன. அதனால்தான் யாரைக் கேட்டாலும் உனக்குச் சரியான பதில் வரவில்லை.

அப்பாவுக்கு ஒரு கதையும் சொல்லு. வியாபாரத்துக்கென்று முதன்முதலில் கம்ப்யூட்டர் செய்தது ஒரு டீக்கடை நிறுவனம். லண்டனில் லயன்ஸ் என்ற நிறுவனத்துக்கு நிறைய டீக்கடைகள் இருந்தன. ரொட்டி, கேக் கணக்குப் பார்க்கவே ஆட்கள் போதவில்லை. வெளியே வாங்குவதற்குப் பொருத்தமான கம்ப்யூட்டர் இல்லாததால் அவர்களே ஒன்றைச் செய்து, அதற்கு லியோ என்று பெயர் வைத்தார்கள். 1951 கடைசியில் அது பேக்கரிக் கணக்கைப் போட ஆரம்பித்தது. கொஞ்ச நாள் கழித்து, கடைகளுக்குத் தினமும் என்ன சரக்கு அனுப்ப வேண்டும் என்பதையும் அதில் ஏற்றினார்கள். ஒவ்வொரு கடையையும் பார்த்துக்கொள்ளும் பெண்மணி முழுப் பட்டியலையும் தினம் ஒப்பிக்க வேண்டியதில்லை. வழக்கமான பட்டியல் கம்ப்யூட்டரில் இருக்கும். இன்றைக்கு எதில் கூட, எதில் குறைய என்ற மாற்றத்தை மட்டும் போனில் சொன்னால் போதும். "மாற்றத்தை மட்டும் சொன்னால் போதும்" என்று கண்டுபிடித்தாரே ஒருவர், அந்த வேலைதான் மக்களே இந்தப் படிப்பு. அங்கே அதைச் செய்தவர்களில் முக்கியமான டேவிட் கேமினரை உலகின் முதல் சிஸ்டம்ஸ் அனலிஸ்ட் என்று சொல்வார்கள்.

சரி, இப்போது உங்கள் கடைக்கு வருவோம்.

அப்பா விடியற்காலையில் எடை போட்டு ஒரு துண்டுச் சீட்டில் எழுதுகிறார் இல்லையா? அந்தச் சீட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும் என்று வைத்துக்கொள். புதிதாகப் படித்து வந்த யாரும் முதலில் பூக்களுக்கு ஒரு பட்டியல் போடுவார்கள்: பிச்சி, மல்லிகை, அரளி, சம்பங்கி. பக்கத்திலேயே விலை என்று ஒரு கட்டம். பார்க்க அழகாக இருக்கும். காலை ஐந்து மணிக்குப் பிச்சி கிலோ 600 என்று இருந்தது, எட்டு மணிக்கு 450 ஆகிவிட்டது என்று வைத்துக்கொள். பட்டியலில் போய் விலையை 450 என்று மாற்றினால் என்ன ஆகும்? ஐந்து மணிக்கு விற்ற பூவின் கணக்கும் 450 ஆகிவிடும். விடியுமுன் பூப் பறித்துக் கொண்டுவந்த விவசாயிக்குக் கிலோவுக்கு 150 ரூபாய் நஷ்டம். புரோகிராம் சரியாகத்தான் எழுதப்பட்டிருக்கும், ஒரு எரரும் வந்திருக்காது. விலை எங்கே சேர வேண்டும் என்று யோசிக்காததால் வந்த வினை அது. விலை பூவுக்குச் சொந்தமில்லை, நாளுக்கும் சொந்தமில்லை. அந்த ஒரு விற்பனைக்குத்தான் சொந்தம். உன் அப்பாவுக்கு இது யாரும் சொல்லித்தராமலே தெரியும். அதனால்தான் ஒவ்வொரு சீட்டிலும் விலையைத் தனியாக எழுதுகிறார்.

அடுத்தது ஆள். ஒரே பெயரில் மூன்று விவசாயிகள் பூக் கொண்டுவந்தால் அப்பா என்ன செய்வார்? வீட்டுப் பெயரையோ ஊர்ப் பெயரையோ வட்டப்பெயரையோ சேர்த்து எழுதுவார். டேட்டாபேஸில் ப்ரைமரி கீ என்று இரண்டாம் செமஸ்டரிலோ மூன்றாம் செமஸ்டரிலோ உனக்கு ஒன்று சொல்லித்தருவார்கள். ஒருவரை இன்னொருவரோடு குழப்பாமல் தனியாக அடையாளம் காட்டுவது அது. வேறொன்றும் இல்லை, அப்பா செய்வது இதுதான். போன் நம்பரை வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். அண்ணனும் தம்பியும் ஒரே நம்பரைக் கொடுத்திருந்தால் இரண்டு பேர் பணமும் ஒரே கணக்கில் போய் விழும். 1970இல் எட்கர் காட் என்பவர், ஐ.பி.எம். என்ற கம்ப்யூட்டர் கம்பெனியின் ஆராய்ச்சியாளர், விவரங்களையெல்லாம் இப்படி அட்டவணைகளாகப் பிரித்து ஒன்றோடொன்று எப்படி இணைப்பது என்று ஒரு கட்டுரை எழுதினார். இன்றைக்கு பேங்க், ரயில்வே என்று எங்கே போனாலும் அடியில் ஓடுவதில் பெரும்பகுதி அந்த யோசனைதான். நீ அதைப் படிக்கும்போது புத்தகத்தில் மாணவர், பாடம், மதிப்பெண் என்று எடுத்துக்காட்டு இருக்கும். அதை மூடிவைத்துவிட்டு விவசாயி, வரத்து, விற்பனை, அட்வான்ஸ் என்று போட்டுப் பார். அட்வான்ஸில் நிச்சயம் திணறுவாய். விவசாயி ஒரு சமயம் மொத்தமாக வாங்கியிருப்பார், தினம் கொஞ்சம் கழியும், நடுவில் வீட்டுச் செலவுக்கு மறுபடி வாங்குவார். "பாக்கி" என்று ஒரு கட்டம் போட்டு எண்ணை மாற்றிக்கொண்டே போனால், ஆறு மாதம் கழித்து அவர் வந்து கேட்கும்போது அந்த எண் எப்படி வந்தது என்று சொல்ல முடியாது. வாங்கியதையும் கழித்ததையும் வரிவரியாக வைத்திருந்தால் பாக்கியை எப்போது வேண்டுமானாலும் கூட்டிக்கொள்ளலாம். கணக்குப்பதிவியலில் பேரேடு படித்திருக்கிறாய், உனக்கு இது உடனே பிடிபடும். கணக்குப்பதிவியல் பக்கமே போகாத எஞ்சினியர் பிள்ளைகளுக்கு இதைப் புரியவைக்க எனக்குச் சில நாள் ஆகும்.

இன்னும் ஒன்று. அப்பா தப்பாக எழுதிவிட்டால் அடித்துவிட்டுப் பக்கத்தில் திருத்துவார். பழைய எண் கோட்டுக்கு அடியில் தெரிந்துகொண்டே இருக்கும். சாதாரணமாகச் செய்த ஒரு கம்ப்யூட்டர் புரோகிராமில் பழைய எண் அப்படியே மறைந்துபோகும். யார் மாற்றினார், எப்போது மாற்றினார் என்ற சுவடே இருக்காது. இது சின்ன விஷயம் என்று நினைத்துவிடாதே. பிரிட்டனில் 1999 முதல் தபால் அலுவலகங்களில் ஹொரைசன் என்ற சிஸ்டத்தைக் கொண்டுவந்தார்கள். அது கிளை அலுவலகங்களில் இல்லாத பணக் குறைவை இருப்பதாகக் காட்டியது. கம்ப்யூட்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று, அந்தக் கிளைகளை நடத்தியவர்கள் மேல் திருட்டுப் பட்டம் கட்டினார்கள். 900 பேருக்கு மேல் தண்டிக்கப்பட்டார்கள். சிலர் சிறைக்கே போனார்கள். சிஸ்டத்தில் பிழைகள் இருந்தன, கிளைக்காரருக்குத் தெரியாமலே வெளியிலிருந்து கணக்கை மாற்றவும் முடிந்தது என்பதெல்லாம் வெகுநாள் கழித்துத்தான் நீதிமன்றத்தில் வெளிவந்தது. 2024இல் தனிச் சட்டம் போட்டுத்தான் அந்தத் தண்டனைகளில் பெரும்பாலானவற்றை ரத்து செய்தார்கள். நம் ஊர்த் துண்டுச் சீட்டில் இருக்கும் அந்த அடித்தல் கோடு, அந்தக் கிளைக்காரர்கள் பார்க்கும்படி அங்கே இருந்திருந்தால் எத்தனை குடும்பம் பிழைத்திருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

என் கையாலும் ஒரு தப்பு நடந்திருக்கிறது. வேலைக்குச் சேர்ந்து நாலைந்து வருஷம் ஆன சமயம். ஒரு ஆஸ்பத்திரிக்கு மருந்து ஸ்டாக் சிஸ்டம் செய்தோம். மருந்து எழுதிய டாக்டர் பெயரைப் போடாமல் வார்டுக்கு ஒரு மாத்திரைகூடப் போகக் கூடாது என்று நானே ஒரு விதியை வைத்தேன். நிர்வாகத்துக்கு அது மிகவும் பிடித்திருந்தது. மூன்று மாதம் கழித்து ரிப்போர்ட் எடுத்தால், அந்த ஆஸ்பத்திரியிலேயே அதிக மருந்து எழுதியவர் ஒரு தோல் டாக்டர் என்று வந்தது. அவர் வாரத்தில் இரண்டு நாள்தான் அங்கே வருபவர். ஆங்கில அகரவரிசையில் அவர் பெயர் முதலில் இருந்தது, அவ்வளவுதான். நைட் டியூட்டி நர்ஸ் அவசரத்துக்கு வார்டு அலமாரியிலிருந்து மருந்தை எடுத்துக் கொடுத்திருப்பார். டாக்டர் போனில் சொல்லியிருப்பார். விடிந்த பிறகு கம்ப்யூட்டரில் ஏற்றும்போது பட்டியலில் முதலில் நிற்கும் பெயரைத் தட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போயிருப்பார்.

நான் ஒரு ராத்திரி அந்த வார்டில் போய் உட்கார்ந்தேன். கீபோர்டுக்கு அடியில் எண்பது பக்க நோட்டு ஒன்று இருந்தது. மணி, பெட் நம்பர், மருந்து, எத்தனை, போனில் சொன்னது யார், கொடுத்த நர்ஸின் இனிஷியல் என்று ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு எழுதியிருந்தார்கள். உண்மையான கணக்கு முழுவதும் அந்த நோட்டில் இருந்தது. நான் செய்த சிஸ்டத்தில் இருந்தது கட்டாயத்துக்கு நிரப்பிய பொய். அந்த நோட்டின் கட்டங்களை அப்படியே எடுத்துத் திரையை மாற்றினேன். முதலில் பெட் நம்பர், அப்புறம் மருந்து. டாக்டர் பெயரைக் காலையில் அவரே பார்த்து உறுதி செய்யலாம். கோடிங் வேலை இரண்டு நாள்கூட ஆகவில்லை. எனக்கு அந்த நோட்டைக் காட்டிய நர்ஸ் அக்கா, "முதல்லயே எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே மக்களே" என்றார். அதற்குப் பிறகு எந்த இடத்துக்குப் போனாலும் முதலில் கீபோர்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்ப்பேன். நோட்டு இல்லாத இடத்தை நான் இன்னும் பார்க்கவில்லை.

கோடிங் வராது என்கிறாயே, அதற்கு வருகிறேன். வராது என்று முடிவு கட்டிவிடாதே. நீ ராத்திரி பகலாக அதிலேயே கிடக்க வேண்டியதில்லை. ஆனால் பயப்படாத அளவுக்காவது வர வேண்டும். பைத்தான் என்ற புரோகிராம் மொழி கொஞ்சம், டேட்டாபேஸிடம் விவரம் கேட்கும் மொழியான எஸ்.க்யூ.எல். நன்றாக. எஸ்.க்யூ.எல். வராமல் இந்தத் துறையில் காலம் தள்ள முடியாது. அது ஆங்கிலத்தில் கேள்வி கேட்பது போலத்தான் இருக்கும். "போன வாரம் 10 கிலோவுக்கு மேல் பிச்சி கொண்டுவந்த விவசாயிகள் யார்" என்று கேட்கத் தெரிந்தவளுக்கு அது வரும். எக்செலும் நன்றாக வேண்டும். பலர் அதை இளப்பமாகப் பேசுவார்கள், நீ கேட்காதே. ஆங்கிலமும் வேண்டும். கூட்டத்தில் பேசியதை ஒரு பக்கத்தில் தெளிவாக எழுதி அனுப்புகிற ஆங்கிலம். சரளமாகப் பேசுவது அப்புறம் தானாக வரும்.

எந்தப் படிப்பில் சேரலாம்? நேராகச் சொல்கிறேன், பி.சி.ஏ.வில் சேர். உனக்கு வணிகவியலும் கணக்கும் ஏற்கெனவே கையில் இருக்கின்றன, கடையும் இருக்கிறது. உன்னிடம் இல்லாதது மற்றப் பாதி, அதைக் கல்லூரியில் வாங்கிக்கொள். பெரிய சாஃப்ட்வேர் கம்பெனிகள் மூன்று வருஷப் பட்டதாரிகளை எடுக்கும்போது பி.சி.ஏ., பி.எஸ்சி. பிள்ளைகளைச் சாஃப்ட்வேர் பக்கமும், பி.காம். பிள்ளைகளைப் பெரும்பாலும் மற்றக் கம்பெனிகளின் அலுவலக வேலையைச் செய்துகொடுக்கும் பி.பி.ஓ. பக்கமும் அனுப்புவதைப் பார்த்திருக்கிறேன். பி.பி.ஓ. வேலை குறைந்ததில்லை. ஆனால் அங்கிருந்து இந்தப் பக்கம் தாண்டி வருவதற்கு இன்னும் இரண்டு மூன்று வருஷம் உழைக்க வேண்டியிருக்கும். சித்தி சொன்ன படிப்பு நல்ல படிப்புதான், பாடத்திட்டமும் பொருத்தமாக இருக்கும். ஆனால் அந்தப் பெயருக்காகச் சென்னையில் ஹாஸ்டல் செலவு செய்யும் அளவுக்கு வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. சித்தி வீட்டிலேயே தங்கிப் படிக்கலாம் என்றால் யோசி.

சேருமுன் கல்லூரியில் பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்கிப் பார். ஏ.சி.எம்., ஏ.ஐ.எஸ். என்ற இரண்டு கணினித் துறைச் சங்கங்கள் சேர்ந்து தகவல் அமைப்புப் படிப்புக்கென்று 2020இல் ஒரு மாதிரிப் பாடத்திட்டம் தயாரித்தார்கள். அதில் டேட்டா நிர்வாகம், சிஸ்டம் அனாலிசிஸ் அண்ட் டிசைன், நெட்வொர்க் முதலான உள்கட்டமைப்பு, பாதுகாப்பு, புரோகிராமிங், புராஜெக்ட் நிர்வாகம், அறநெறி, கடைசியில் ஒரு நிஜமான இடத்தில் செய்யும் செயல்முறைத் திட்டம் எல்லாம் கட்டாயம். உன் கல்லூரிப் பாடத்திட்டத்தில் இவற்றில் எது இல்லை என்று குறித்துக்கொள். இல்லாததை என்.பி.டி.இ.எல்., ஸ்வயம் போன்ற ஆன்லைன் பாடத் தளங்களில் காசில்லாமல் படிக்கலாம். பரீட்சை எழுதிச் சான்றிதழ் வாங்கத்தான் கட்டணம். இன்னொன்றையும் மறக்காமல் பார்: கணிதத் தாள் இருக்கிறதா? பின்னால் எம்.சி.ஏ. சேர ஆசைப்பட்டால், பிளஸ் டூவிலோ டிகிரியிலோ கணிதம் படித்திருக்கிறாயா என்று கேட்கலாம். நீ பிளஸ் டூவில் எடுக்கவில்லை, அதனால் டிகிரியில் இருப்பது நல்லது. மூன்றாம் வருஷம் முடிந்து அண்ணா பல்கலைக்கழகத்தின் டான்செட் நுழைவுத் தேர்வு விண்ணப்பத்தை நிரப்பும்போது இதைக் கண்டுபிடித்து அழுத பிள்ளைகளை எனக்குத் தெரியும். எம்.சி.ஏ. இப்போது இரண்டே வருஷம்தான். சென்னை ஐ.ஐ.டி. நடத்தும் ஆன்லைன் பி.எஸ். டேட்டா சயின்ஸ் படிப்பையும் பார்த்து வை. பிளஸ் டூவில் எந்தக் குரூப் எடுத்தவர்களும் சேரலாம், பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் இருந்தால் போதும். முதலில் ஒரு தகுதித் தேர்வு உண்டு. பி.சி.ஏ.வோடு சேர்த்துப் படிப்பது சுலபமில்லை. முதல் செமஸ்டர் போகட்டும், உன் கைக்கு அடங்குகிறதா என்று பார்த்துவிட்டு முடிவெடு.

பணம் பற்றி நீ எழுதவில்லை, நானே சொல்கிறேன். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் தருகிறார்கள். அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களையும் பிறகு சேர்த்துவிட்டார்கள். நம் மாவட்டத்தில் உதவி பெறும் பள்ளிகள் எத்தனை என்று உனக்கே தெரியும். நீ அப்படிப் படித்தவள் என்றால் கல்லூரி அலுவலகத்தில் முதல் வாரமே கேள்.

வேலை என்று வந்தால், முதல் இரண்டு வருஷம் எங்கே போனாலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். சப்போர்ட், டெஸ்டிங், அல்லது இம்ப்ளிமென்டேஷன் டிரெய்னி. காலையில் வந்து டிக்கெட்டை, அதாவது வாடிக்கையாளர் பதிவு செய்த புகாரைத் திறந்தால், ஏதோ ஒரு ஊரில் யாருக்கோ பில் வரவில்லை என்று இருக்கும். சம்பளம் சிறியதுதான். ஆனால் ஒரே மாதத்தில் முப்பது கம்பெனிகளில் பில் ஏன் வரவில்லை என்று பார்த்தவளுக்கு வியாபாரம் எப்படி நடக்கிறது என்பது பிடிபட்டுவிடும். அங்கிருந்து கிளைகள் பிரியும். வாடிக்கையாளரிடம் கேட்டு, எழுதி, புரோகிராமர்களுக்குப் புரியவைக்கும் பிசினஸ் அனலிஸ்ட் வேலை ஒன்று. விவரங்களை அலசிச் சொல்லும் டேட்டா அனலிஸ்ட் ஒன்று. அப்புறம் இ.ஆர்.பி. ஒரு நிறுவனத்தின் கொள்முதல், சரக்கு, விற்பனை, கணக்கு எல்லாவற்றையும் ஒரே சிஸ்டத்தில் கட்டுவது அது. ஜெர்மனியில் 1972இல் ஐ.பி.எம்.மிலிருந்து விலகிய ஐந்து பேர் தொடங்கிய எஸ்.ஏ.பி. இதில் பெரிய பெயர். அதன் ஃபைனான்ஸ் பக்கத்தில் வணிகவியல் படித்தவர்கள் நன்றாக மேலே வருகிறார்கள். ஆனால் ஒன்று, எஸ்.ஏ.பி. கோர்ஸ் முடித்தால் வேலை நிச்சயம் என்று லட்சக்கணக்கில் கேட்கும் பயிற்சி நிலையங்களிடம் போய் மாட்டிக்கொள்ளாதே. அனுபவம் இல்லாமல் அந்தச் சான்றிதழை மட்டும் காட்டினால் பெரும்பாலும் உள்ளே விடமாட்டார்கள். வேலைக்குச் சேர்ந்த இடத்திலேயே அதைத் தொட வாய்ப்பு வரும், அப்போது கெட்டியாகப் பிடித்துக்கொள்.

உனக்கு என்று நான் தனியாக மனதில் வைத்திருப்பது இன்னொரு வழி, சிஸ்டம்ஸ் ஆடிட். பேங்கிலும் கம்பெனிகளிலும் சிஸ்டத்துக்குள் யார் எதை மாற்ற முடிகிறது, மாற்றினால் சுவடு இருக்கிறதா என்று போய்ப் பார்ப்பது. மேலே சொன்ன அடித்தல் கோட்டைத் தேடிப் போகும் வேலைதான். ஐசாக்கா என்ற அமைப்பின் சிசா சான்றிதழுக்கு இதில் நல்ல மதிப்பு. பரீட்சையோடு ஐந்து வருஷ அனுபவமும் கேட்பார்கள், படிப்பைக் காட்டினால் அதில் கொஞ்சம் கழிப்பார்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு நம் நாட்டில் 2023இல் சட்டம் வந்துவிட்டதால் இந்தப் பக்கம் ஆட்கள் இன்னும் தேவைப்படுவார்கள் என்று நினைக்கிறேன். அரசு வங்கி வேலைதான் வேண்டும் என்று வீட்டில் சொன்னால், வங்கிகளுக்கு ஆள் எடுக்கும் ஐ.பி.பி.எஸ். அமைப்பு நடத்தும் ஐ.டி. சிறப்பு அதிகாரி தேர்வு இருக்கிறது. ஆனால் பி.சி.ஏ. மட்டும் போதாது, எம்.சி.ஏ. முடித்திருந்தால் எழுதலாம்.

ஏ.ஐ. பற்றி ஏமாற்றாமல் சொல்கிறேன். புதிதாக வருபவர்களுக்கு நாங்கள் கொடுத்துவந்த வேலையில் ஒரு பகுதியை இப்போது அது செய்கிறது. சின்ன ரிப்போர்ட் எழுதுவது, டெஸ்ட் கேஸ் தயாரிப்பது, ஒரு ஃபார்ம் செய்வது எல்லாம் நிமிஷத்தில் வந்துவிடுகிறது. நீ மூன்று வருஷம் கழித்து வெளியே வரும்போது வாசல் இன்னும் குறுகியிருக்கலாம். ஆனால் அந்தத் தோல் டாக்டர் ரிப்போர்ட்டை நினைத்துப் பார். ஏ.ஐ.யிடம் கொடுத்திருந்தால் அதைவிட அழகான வரைபடத்தோடு அதே பொய்யைத்தான் கொடுத்திருக்கும், ஏனென்றால் சிஸ்டத்தில் இருந்தது அதுதான். நோட்டு கீபோர்டுக்கு அடியில் இருந்தது. ராத்திரி போய் உட்கார்ந்து, நர்ஸ் அக்காவுக்கு நம்மேல் நம்பிக்கை வந்து, அவரே எடுத்துக் காட்ட வேண்டும். ஏ.ஐ.யைப் பயன்படுத்தக் கட்டாயம் கற்றுக்கொள். எஸ்.க்யூ.எல். சந்தேகம் எல்லாம் அதனிடமே கேட்கலாம். ஆனால் முதல் வருஷம் உன் கையால் எழுதிப் பழகு, அப்போதுதான் அது தப்பாகச் சொன்னால் உனக்குத் தெரியும்.

ஊரைவிட்டுப் போவது பற்றி. நாகர்கோவிலிலிருந்து ஏறத்தாழ 70 கிலோமீட்டரில் திருவனந்தபுரம். அங்கே கழக்கூட்டத்தில் இருக்கும் டெக்னோபார்க் 1990இல் தொடங்கியது, நாட்டின் முதல் டெக்னாலஜி பார்க் அதுதான். நம் மாவட்டத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் அங்கே இருக்கிறார்கள். தினமும் ரயிலில் போய் வருபவர்களும் உண்டு. உடம்பு அலுத்துப்போகும், அதையும் சொல்லிவிடுகிறேன். பூ மார்க்கெட்டில் கேரளா வியாபாரிகளோடு பேசிப் பேசி மலையாளம் காதில் விழுந்திருக்கும் இல்லையா, அது அங்கே பெரிய சகாயம். இந்தப் பக்கம் தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையில் ஜோஹோ என்ற சாஃப்ட்வேர் கம்பெனி 2011 முதல் இருக்கிறது. நாகர்கோவிலிலேயே சிறிய கம்பெனிகள் பல வந்துவிட்டன. என் யோசனை, முதல் நாலைந்து வருஷம் வெளியே போ. பெரிய சிஸ்டம் ஒன்று எப்படி ஓடுகிறது என்பதை உள்ளே இருந்து பார்த்தவளுக்குத் தைரியமே வேறு. அதன் பிறகு திரும்பி வந்தால் இங்கே வேலைக்குப் பஞ்சமில்லை. முந்திரி ஆலை, ரப்பர் ஷீட் வாங்கும் கடை, குளச்சல் பக்கத்து மீன் ஏற்றுமதிக்காரர் என்று யாரைப் பார்த்தாலும் பில் மட்டும் கம்ப்யூட்டரில் இருக்கிறது, மற்றதெல்லாம் நோட்டிலும் தலையிலும்தான் இருக்கிறது.

லேப்டாப்புக்கு இப்போதே அவசரப்படாதே. கல்லூரி லேபில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு வாங்கலாம். கல்லூரி திறக்கும் வரை உனக்கு ஒரு வேலை தருகிறேன். அப்பாவிடம் கேட்டு ஒரு வாரத் துண்டுச் சீட்டுகளைப் பத்திரப்படுத்து. ஒரு முகூர்த்த நாள் அதில் வந்தால் நல்லது. விடியற்காலை ஒருநாள் நீயும் கூடப் போய், ஒரு சீட்டு யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது, எங்கே நிற்கிறது, கடைசியில் எந்த நோட்டில் ஏறுகிறது என்று ஒரு தாளில் வரைந்து பார். வரைந்ததை எனக்கு அனுப்பு. ஒரு சந்தேகம் எனக்கே ரொம்ப நாளாக உண்டு, அதையும் அப்பாவிடம் கேட்டு எழுது: விலை படுத்துவிட்ட நாளில் விற்காமல் மிஞ்சி வாடிப்போகிற பூவை அவர் எந்தக் கணக்கில் எழுதுகிறார்? விவசாயி பேரிலா, கடை பேரிலா, அல்லது எங்குமே எழுதுவதில்லையா?